மேசைக்கடியில் ஒரு விளையாட்டு

ஜார்ஜ்டவுனில் என் மகள் போகும் நர்சரியில் எல்லாரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவோம். அவளுடைய டீச்சர் மட்டும் உள்ளேயும் சப்பாத்துடன்தான் நடப்பார். ஒல்லியான உருவம். பேசும்போது அடிக்கடி தலைக்கு மேலே சுழலும் காற்றாடியைப் பார்ப்பார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மகளை அழைத்துவரப் போனபோது பிள்ளைகள் எல்லாரும் மேசைகளுக்கடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டேன். என் மகள் மேசைக்காலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாளே தவிர, வரவில்லை.

“அம்மா கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்களா, டீச்சர்?”

“ஆமாலா அக்கா. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவுல நிலம் ஆடினா இங்க நம்ம ஃபிளாட்டும் ஆடுது. அம்மா பயந்துபோய்க் கூப்பிடுவாங்க, பிள்ளை எழுந்து ஓடும், தலையில ஏதாச்சும் விழும்.”

“உள்ள எதுக்கு சப்பாத்து?”

“கண்ணாடி உடைஞ்சு கிடந்தா இதுங்கள யாரு தூக்கிட்டுப் போறது?”

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை.

“சரி, எப்பதான் வெளிய வருவாங்க?”

“நான் சொன்னா.”

அவர் கைதட்டினார். அத்தனை பேரும் வெளியே வந்தார்கள்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் குரலை உயர்த்தினாலே மகள் மேசைக்கடியில் புகுந்துவிடுகிறாள். அந்த டீச்சர் என் பிள்ளையை எதிலிருந்து காப்பாற்றப் பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.