எட்டரைக்கு முன் விழுந்த கோடு

போன வருஷம் நடந்தது. பெரஹெரா ஊர்வலம் முடிந்து, கண்டியில் அடைத்திருந்த வீதிகளைத் திறந்துவிட்டு, பஸ்கள் பழையபடி ஓடத் தொடங்கி இரண்டு கிழமை இருக்கும். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். பாமசிகளுக்கு மருந்து விநியோகிக்கிற தனியார் நிறுவனம். நான் அங்கே பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். சம்பவம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. யாரும் சாகவில்லை, எதுவும் தீப்பிடிக்கவில்லை. ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து மாறி வந்து ஐந்து வருஷமாகிறது. கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரையாவது ஏசாவிட்டால் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அதுவும் தனியாகக் கூப்பிட்டு ஏசமாட்டார். பாமசிக்காரர்கள் நிற்க வேண்டும், லொறி டிரைவர் நிற்க வேண்டும், அப்போதுதான் குரல் உயரும். "பதினோரு வருஷம் இருந்து இதுதானா படிச்சீங்க?" என்று என்னிடம் அவர் கேட்காத கிழமை இல்லை.

எனக்கும் அது பழகிவிட்டது. அவருடைய கண்ணாடி அறைக்குள் நிற்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டேன். மேசையிலிருக்கிற காலண்டரில் அந்த மாதம் எத்தனை லீவு நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் "சரி சேர்" என்பேன். வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். சாயந்தரம் குண்டசாலை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுதான் கோபம் வரும். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களெல்லாம் அப்போது வரிசையாக வாய்க்குள் வந்து நிற்கும். வீட்டுக் கேட்டைத் திறக்க முன்னமே அதுவும் களைத்துப் போய்விடும். பிறகு சோறு வைக்க வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும். யாருக்கு இருக்கிறது கோபப்பட நேரம்?

இனிக் கோட்டுக்கு வருகிறேன். எங்கள் ஒபிஸ் வாசலில் வரவுப் புத்தகம் இருக்கும். வருகிறவர்கள் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டரைக்குக் கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு விழும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று தரம் கீழே விழுந்தால் அந்த மாதம் லீவு கேட்கக் கூடாது, ஒரு மணித்தியாலம்கூட. இது போதாதென்று சேர் வந்த புதிதில் சுவர் மணிக்கூட்டையும் ஐந்து நிமிஷம் முன்னுக்கு வைத்துவிட்டார். அதைப் பார்த்துப் பயந்தாவது நேரத்துக்கு வருவோமாம். அது முன்னுக்கு ஓடுகிறது என்று டீ ஊற்றுகிறவருக்கும் தெரியும்.

நாலு வருஷத்துக்கு மேலாக அந்தக் கோட்டைச் சேர்தான் போட்டு வந்தார். எங்கள் பக்கத்து பஸ் காலை வாரிவிட்ட எத்தனையோ நாள் நானும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியிருக்க, இது நடப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் சிவப்புப் பேனையையும் கோடு இழுக்கிற அடிமட்டத்தையும் என் மேசையில் வைத்து, "இனி இது உங்கட பொறுப்பு" என்றார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் என்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்தேன். ஏச்சும் குறைந்தது. இதைத் தவறவிடக் கூடாது என்று காலை ஆறே முக்கால் பஸ்ஸையே பிடித்து எட்டு மணிக்கு முன் வந்துவிடுவேன். அடிமட்டத்தை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சுவர் மணிக்கூட்டில் எட்டரை ஆனதும் கோடு. சேர் வெளியே வந்து அந்த மணிக்கூட்டைப் பார்க்கும்போது கோடு விழாமல் இருக்கக் கூடாது, அதுதான் என் பயம். அது ஐந்து நிமிஷம் முன்னுக்கு ஓடுகிறது என்பதை நினைக்காமல் விட்டேன் என்று சொல்ல ஏலாது. நினைத்தேன், நினைத்துவிட்டுத்தான் போட்டேன்.

அப்போது எங்களோடு கெலிஓயாவிலிருந்து ஒரு முஸ்லிம் தங்கச்சி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். சேர்ந்து ஐந்து மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சொல்லாமல் ஒருநாள் வராமல் நின்றாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். புருஷன் கட்டாரில். வீட்டில் உம்மாவும், ஐந்து வயது மகனும். பகல் சாப்பாட்டில் தன் கறியில் பாதியை என் சோற்றுக் கோப்பையில் போட்டுவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய மகனை முதலாம் தரத்துக்குச் சேர்க்கிற நேர்முகப் பரீட்சைக்கு, ஊருக்குப் பக்கத்துப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது என்றால் இங்கே என்ன பாடு என்று தாய் தகப்பன்மாருக்குத் தெரியும். வீட்டுப் பத்திரம், வாக்காளர் பதிவு, கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று குறைந்தாலும் புள்ளி போய்விடும். அந்த நாளைத் தவறவிட்டால் யாரிடம் போய் நிற்பது? அவளைத் தவிரப் போக ஆளுமில்லை. உம்மாவிடம் பத்திரங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அழுதுவிடுவார் என்றாள்.

இரண்டு மணித்தியால லீவு கேட்டு ஒரு கிழமைக்கு முன்னமே எழுதிக் கொடுத்தாள். சேர் புத்தகத்தைப் புரட்டினார். அந்த மாதம் அவளுக்கு இரண்டு கோடு விழுந்திருந்தது. "மூணாவது விழுந்தா என்கிட்ட வந்து நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. அவள் வருகிற வழியில், கெட்டம்பேயில் வாகனங்கள் அசையவில்லை என்று முதலே வந்தவர்கள் சொன்னார்கள். சுவர் மணிக்கூட்டில் எட்டரை ஆகிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள்தான் என்று எனக்குத் தெரியும், அவள் மட்டும்தான் இரண்டிரண்டு படியாக ஏறுவாள். அடிமட்டத்தை எடுத்தேன். சேர் கண்ணாடி அறைக்குள் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் நல்லது. ஆனால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கோட்டைப் போட்டேன்.

பேனையை எடுக்க முன் அவள் வந்து நின்றாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

அன்று பகல் சேர் லீவை வெட்டிவிட்டார். அவள் சேரின் அறையிலிருந்து வெளியே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, காலையில நேரம் சரிதானா? என்ட போன்ல எட்டு இருவத்தாறு."

"மணிக்கூட்டப் பாத்துத்தானேம்மா போட்டேன்," என்றேன்.

"சரி அக்கா," என்று போய்விட்டாள்.

அந்தப் பதிலுக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பொய் என்றும் சொல்ல ஏலாது. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் போட்டேன். அதனால்தான் அது பொய்யைவிடக் கேவலமாக இருக்கிறது. புதன்கிழமை முழுக்க அவளுக்கு முகம் கொடுக்காமல் ஸ்டோர் ரூமில் பெட்டி அடுக்கினேன். வேலையா நேர்முகப் பரீட்சையா என்று அவள் முடிவெடுக்கட்டும், எனக்கென்ன, ரூலை நானா போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை எட்டுப் பத்துக்கு அவள் வந்துவிட்டாள். கையெழுத்துப் போட்டு, தன் கதிரையில் உட்கார்ந்து, ஓர்டர் தாள்களை எடுத்தாள். வேலையைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறாள் என்று விளங்கியது. மாசம் முடியச் சம்பளம் வேண்டுமே. ஆனால் திறந்திருந்த கைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கோவை. பத்திரங்களை ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சின்னத் துண்டுக் கடதாசி ஒட்டி இலக்கம் போட்டிருந்தாள். மேலே பிள்ளையின் படம், தலையில் எண்ணெய் வழிய வாரி எடுத்த படம். போகப் போவதில்லை என்று தெரிந்தும் அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாள்?

எட்டே முக்காலுக்குச் சேரின் அறைக்குள் போனேன். காலண்டரைப் பார்க்கவில்லை.

"சேர், செவ்வாய்க்கிழமை போட்ட கோடு பிழை. எட்டரைக்கு முந்தியே போட்டுட்டேன். சுவர் மணிக்கூடு அஞ்சு நிமிஷம் முன்னுக்குத்தானே."

ஏசுவார் என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஏசவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"அது முன்னுக்கு ஓடுறது எனக்குத் தெரியும், வச்சதே நான். இத்தனை வருஷம் நான் எதப் பாத்துக் கோடு போட்டேன்?"

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். கை மணிக்கூடு. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இத்தனை காலமும் அவர் கையைப் பார்த்துத்தான் போட்டார், சரியாக எட்டரைக்கு. சுவரை ஒருநாளும் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் தெரியும்தானே. அப்ப ஏன் சுவரப் பாத்துப் போட்டீங்க?"

உங்களுக்குப் பயந்து என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. ஆனால் பாதிதான். இரண்டு மாதமாக அந்த ஒபிஸில் அவரைவிட ஐந்து நிமிஷம் கொடுமையாக இருந்தது நான்தான்.

பிழை என்னுடையது என்று எழுதித் தரச் சொன்னார். நின்ற நிலையிலேயே எழுதினேன். அதை எல்லாருக்கும் கேட்க உரக்க வாசித்தார், அதை அவர் விடமாட்டார். பிறகு அவளுடைய லீவுத் தாளில் வெட்டியதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். மணி ஒன்பது அடித்திருந்தது.

"போங்கம்மா, த்ரீவீல் பிடிச்சிட்டுப் போங்க," என்று தாளை அவளிடம் கொடுத்தேன். "பிழை என்மேலதான்."

"அது எனக்கு அன்டைக்கே தெரியும் அக்கா," என்றாள். "நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளாப் பாத்துட்டு இருந்தேன்."

அவள் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வீட்டில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போய்ச் சேரப் பத்தும் தாண்டிவிட்டதாம். அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டு முடிந்திருந்தது. எல்லாரும் போகும்வரை வெளியே நிற்கவைத்துக் கடைசியாக எடுத்தார்களாம். இதையெல்லாம் அவள் வேறொருவரிடம் சொல்லித்தான் நான் கேட்டேன்.

மறுநாள் சிவப்புப் பேனை என்னிடமிருந்து போய்விட்டது. ஏச்சு பழையபடி வந்துவிட்டது. நானும் பழையபடி காலண்டரை எண்ணுகிறேன். போன கிழமைகூட ஒரு பாமசிக்காரர் முன்னால் நல்லாக வாங்கினேன். அதொன்றும் இப்போது பெரிதாக வலிப்பதில்லை.

பிள்ளைக்கு அந்தப் பாடசாலையிலேயே இடம் கிடைத்தது. பெயர்ப்பட்டியல் ஒட்டிய அடுத்த நாள் அவள் தொதல் இனிப்புக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். சேர் இரண்டு துண்டு எடுத்தார். என் மேசைக்கும் வந்தாள். தட்டை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டி, "எடுங்க மிஸ்," என்றாள்.

நான் எடுத்தேன். அன்று படியிறங்கி ஓடியதிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. பகலில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். சேரின் கொடுமையைப் பற்றிப் பஸ்ஸில் ஒபிஸ்காரர் யாராவது பேச்செடுத்தால் முன்பெல்லாம் நானும் கூடச் சேர்ந்து ஒரு பாட்டம் சொல்லித் தீர்ப்பேன். இப்போது வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் அந்தக் கோட்டைப் போடச் சொல்லி அன்று என் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை.