பித்தளைக் கூடு

வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வெள்ளைத் தொப்பி அணிந்த துணி வியாபாரி. நான் கைபேசியில் ஆங்கில எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டும் விளையாட்டில் திணறிக்கொண்டிருந்தேன்.

"நானும் விளையாடுவன் சேர்," என்றார். மாறி மாறி ஆடினோம்.

ஒவ்வொரு சொல்லை வைக்குமுன்னும் அந்தப் பொருளைப் பிடித்திருப்பதுபோல் விரல்களை மடக்கிக்கொள்வார். அப்படித்தான் 'ஸார்ஃப்' என்று வைத்தார். ஆங்கில ஆசிரியனான நான் கேள்விப்படாத சொல். கைபேசி ஏற்றுக்கொண்டது.

"என்ன நானா இது?" என்றேன். மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் அழைப்போம்.

"பிடியில்லாத கோப்பைய இறக்கி வைக்கிற பித்தளைக் கூடு. கட்டாரில ஒரு வீட்டில கோப்பி ஊத்தின நான். இது இல்லாட்டி கை வெந்திரும்."

நான் மனப்பாடப் பட்டியலிலிருந்து 'ஐயட்' என்று வைத்து வென்றேன்.

"அது என்ன சேர்?"

"தெரியா நானா. பட்டியல்ல இரிக்கு."

"தெரியாம வைக்க ஏலுமா?" என்றார். கேலியே இல்லை, உண்மையாகவே வியந்தார்.

கரையில் இறங்கியதும் அகராதியைத் தேடினேன். 'ஆற்று நடுவே உள்ள சிறு தீவு' என்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். தினமும் நான் கடந்துபோகும், வாவி நடுவே உள்ள கண்டல் மரத் திட்டில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்திக்கொண்டிருந்தன.

அவர் துணிப் பொதியோடு தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். திட்டை நோக்கிக் கையை நீட்டிக் கத்தினேன்: "நானா, அந்தச் சொல்லு அந்தா இரிக்கு!"