கதவுக்காரியின் கை

இதைச் சொன்னால் என் கணவரே சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டது அவரா, நானா?

நடந்தது ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல். போன அக்டோபரில், அமெரிக்காவில், ஒஹாயோவில் நான் படித்த பெண்கள் கல்லூரியில், மாணவிகள் அக்கா தங்கைகளாகச் சேரும் எங்கள் சகோதரிகள் சங்கத்துக்கு நூறாவது ஆண்டு விழா. படித்து முடித்துப் போன எல்லாரும் வெள்ளை உடையில் வந்திருந்தோம். சங்க வீட்டுக்கு அடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. சடங்கெல்லாம் அங்கேதான். பை, போன் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

அன்றைக்குக் கதவுக்காரி நான். வெளியிலிருந்து மூன்று தட்டு கேட்டால், உள்ளிருந்து இரண்டு தட்டித் திறப்பது என் வேலை. சடங்கு முடிந்ததும் ஒவ்வொருத்தியும் எங்கள் ரகசிய முறையில் என் கையைக் குலுக்கிவிட்டுப் போவாள். பதிலுக்குக் குலுக்காவிட்டால் பெரிய அவமரியாதை. முப்பது வருஷப் பழக்கம். கை தானாகவே செய்யும்.

கடைசியாக வெளியே போனவள் என் தோழி கொரின்.

"சீக்கிரம் வாடி நோரீன், கேக்கை வெட்டிடுவாளுங்க!"

"எனக்கொரு துண்டு எடுத்து வை. என் பை வாசல்லயே இருக்கட்டும், இன்ஹேலர் அதுலதான் இருக்கு."

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் எங்கேயும் நகரமாட்டேன்.

மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். கடைசித் திரி அணைந்ததும்... டப். கதவு சாத்திக்கொண்டது.

கும்மிருட்டு. தடவித் தடவிப் போய்க் கைப்பிடியைத் திருகினேன். அசையவில்லை. புகை தொண்டையில் ஏறியது. நெஞ்சு இறுக ஆரம்பித்தது.

"கொரின்! ஏய், விளையாடாதே!"

மேலே எங்கள் சங்கப் பாட்டு. எல்லாரும் சேர்ந்து கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். என் குரல் யாருக்குக் கேட்கும்?

தட்டினேன். டக்... டக்... டக்.

பதில் வந்தது.

டக்... டக்.

அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. சத்தம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

என் மூச்சு விசிலடித்தது. கூடவே... இன்னொரு மூச்சும்.

ஒரு கை என் கையைப் பிடித்தது.

சில்லென்று இருந்தது.

எங்கள் குலுக்கல்தான். ஆனால் முடிவில், ஒரு விரல் என் மணிக்கட்டை அழுத்தியது. எங்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

என் கை... தானாக... அதேமாதிரி திருப்பி அழுத்தியது.

க்ளிக்.

கதவு திறந்தது.

வாசலில் பை இருந்தது. மருந்தை இழுத்தேன். மாடிப்படி எப்படி ஏறினேனோ, தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் கொரின் கேக் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்தில், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், தொண்ணூறு தாண்டிய வெர்னா அக்கா. நடந்ததைச் சொல்லி, அவர் கையைப் பிடித்து அந்தக் குலுக்கலைச் செய்து காட்டினேன்.

அவர் முகம் வெளிறிப்போனது.

"லொரேனா... என் கூடப் படிச்சவ. கதவுக்காரி. இதே மாதிரி ஒரு விழா அன்னிக்கு, மெழுகுவர்த்தி அணைக்க நின்னா. கதவு சாத்திக்கிச்சு. நாங்க மேல பாடிட்டிருந்தோம். மறுநாள்தான் திறந்தோம். மூச்சு முட்டி... அதோட குலுக்கல்ல இந்த மணிக்கட்டு அழுத்தறதையே விட்டுட்டோம்."

"அதுக்கு என்ன அர்த்தம், அக்கா?"

"பழைய கதவுக்காரி புதுக் கதவுக்காரிக்குக் குடுக்கிறது. என் காவல் முடிஞ்சுது, இனிமே நீதான்னு." என் கையை இறுக்கிப் பிடித்தார். "கண்ணு... நீ திருப்பிக் குடுக்கலையே?"

நான் குனிந்து என் விரலைப் பார்த்தேன்.

அவர் மெல்ல என் கையை விட்டுவிட்டார்.