தேரி மணலில் கிடந்த பம்பு

டிராயிங் மாஸ்டர் ஞானமுத்து காலமான செய்தியை, நான் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸுக்கே வந்து சொன்னவர் வக்கீல் குமாஸ்தா சுப்பையர். "நம்ம மாஸ்டர் போயிட்டார், ஓய். மூணு நாள் காய்ச்சல்தானாம்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம். உவரி சவாரியைப் பத்தி நான் பேசறேன்" என்றார்.

பேசவும் செய்தார். "பாவம், மாஸ்டருக்குத் தெம்பு போறலை. நாங்க மூணு பேரும் மிதிச்சுண்டு போய்ச் சேர்ந்தோம். அவர் சைக்கிளைத் தோள்ல சுமந்துண்டு பொழுது சாயறப்போ வந்தார்!" கூட்டம் சிரித்தது. துணிக்கடைச் சுடலைமுத்து அண்ணாச்சி தலையை ஆட்டினார். மாஸ்டரின் மனைவி முன்வரிசையில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். உண்மை தெரிந்த நானோ வாயில் கொழுக்கட்டை அடைத்தவன்போல இருந்தேன். தூ! நாங்களும் மனிதர்களா?

மாஸ்டரை அறிந்தவர்களே, நடந்ததைக் கேளுங்கள். ஆறு வருஷத்துக்கு முன் புயலில் உவரிக்காரர்களின் கட்டுமரங்கள் போய், அடுப்பெரியாமல் கிடந்தார்கள். பாளையங்கோட்டையில் சைக்கிள் வைத்திருந்த மாஸ்டர், சுப்பையர், அண்ணாச்சி, நான் என நால்வரும் அவர்களுக்கு உதவி திரட்டப் பாபநாசத்திலிருந்து உவரி வரை மிதிப்பது என்று கிளம்பினோம். ஆற்றங்கரைப் பண்ணையார் ஒருவர், "எவன் காலால மிதிச்சே போய்ச் சேருதானோ, அவன் பேரச் சொல்லி உவரிக்கு ஒரு வண்டி நெல்லு" என்று ஊரறியச் சொல்லிவிட்டார். நால்வர் சேர்ந்தால் நான்கு வண்டி.

வழியெல்லாம் மாஸ்டர்தான் கடைசி. நாங்கள் திரும்பிப் பார்த்துக் கத்தினால், "பையப் போவோம் வே, கடல் எங்கயும் ஓடிப்போவாது" என்பார். யாருக்காவது டயர் வெடித்தால் ஒட்டிக் கொடுக்கிறவரும் அவர்தான். சுப்பையர் வெற்றிலையோடு மரத்தடியில் சாய்ந்துகொள்வார்.

இரண்டாம் நாள் தேரிக்காடு வந்தது. செக்கச்செவேலென்று மணல், அச்சு வரை சக்கரம் புதைந்தது. பாளையங்கோட்டைச் சந்தையில் கருவாட்டை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குத் திரும்பும் மாட்டுவண்டி ஒன்று பின்னால் வந்தது. அண்ணாச்சி எங்களைப் பார்த்தார், நாங்கள் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவ்வளவுதான், சைக்கிள்களை உள்ளே தூக்கிப் போட்டோம்.

"நீரும் ஏறும், மாஸ்டரே" என்றார் அண்ணாச்சி.

"இல்ல வே. மிதிக்க முடியலைன்னா தூக்கிட்டு வாரேன். நீங்க போங்க."

எதிரே வருகிறவர் கண்ணில் படாமலிருக்க, கருவாடு கட்டி வந்த ஓலைப்பாய்களைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். அந்த நாற்றம்! உப்பு நீர் கழுத்தில் வடிந்தது, மூக்கில் ஈ புகுந்தது. கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் ஈரவேட்டியைத் தவிர வேறெதையும் மேலே படவிடாத சுப்பையர், ஒரு பூமாலைக்காக அதற்குள் சுருண்டு கிடந்தார். ஊருக்குச் சற்று முன்னால் இறங்கி, முகம் துடைத்து, மணியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கழுத்தில் மாலை விழுந்தது. ஒரு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சுப்பையர், "நான் இங்கெல்லாம் குடிக்கறதில்லை" என்று கையைப் பின்னுக்கு இழுத்தார். அவர் சட்டையில் அவர்கள் கருவாடு மணத்துக்கொண்டிருந்தது. சீ!

பொழுது சாயும்போது மாஸ்டர் வந்தார். தோளில் சைக்கிள், கால் இரண்டும் கொப்புளம். பண்ணையாரின் காரியஸ்தர் கேட்டார்: "முழுக்க மிதிச்சு வந்தீரா?"

"இல்லய்யா. தேரியில தூக்கிட்டு வந்தேன்."

"அப்போ உம்ம வண்டி நெல்லு கிடையாது. இவங்க?"

மாஸ்டர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "அவங்களையே கேளுங்க" என்றார்.

"மிதிச்சோம்" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

பிறகு மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இடுப்பிலிருந்து என் காற்றடிக்கும் பம்பை எடுத்து நீட்டினார். "மாட்டுவண்டித் தடத்துல கிடந்தது வே" என்றார். அதை ஒருமுறை காரியஸ்தரிடம் காட்டியிருந்தால் எங்கள் மானம் கப்பலேறியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் வாயில பொய் வரல. அதுக்காக உங்க பொய்யால வாற நெல்லைக் கெடுக்கவா? புள்ளைங்க பசியோட கிடக்கு வே. என்னால ஒரு வண்டி போனதே போதும்" என்றார். அந்த ஒரு வண்டி கடைசிவரை அவரை உறுத்தியது. எங்களுக்கோ அந்தப் பொய் சுகமாகச் செரித்தது. ஊர் திரும்பியதும் 'சைக்கிள் சுமந்த வாத்தியார்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பம்போடு அவர் வீட்டுக்குப் போனேன். கருவாட்டு வண்டி, ஓலைப்பாய், பொய் எல்லாவற்றையும் மாஸ்டரின் மனைவியிடம் கொட்டினேன்.

"தெரியும் தம்பி" என்றார் அவர். "அன்னைக்கே அவுக சொல்லிட்டாக. நீங்க ஒருநாள் வந்து நாலு பேர் முன்னால சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தாக. நான் கோவப்பட்டா, 'பையச் சொல்லுவான், அவசரப்படுத்தாத'ன்னு என் வாய அடைச்சிருவாக."

பம்பை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்க சாமான்தான, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார்.

ஞானமுத்து மாஸ்டர் தேரியை மிதித்துக் கடக்கவில்லை. நாங்களும்தான் கடக்கவில்லை; கருவாட்டுப் பாய்க்குள் படுத்துப் போனோம். இதை அவர் இருக்கும்போது நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு ஆறு வருஷம் போதவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் மணலில் குனிந்து எடுத்துத் தந்த என் பம்பு.