வாய்க்கால் மேல் போட்ட பந்தல்

கமருன்னிஸாவின் வீட்டு வாசலில் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது என்று ரேஷன் கடை வரிசையில் யாரோ பேசிக்கொண்டதாக எதிர்வீட்டு நீலாம்பாள் வந்து சொன்னாள். ஊரையே நகராட்சி கம்ப்யூட்டருக்குள் பொம்மை மாதிரி கட்டி வைத்திருக்கிறதாம். போனில் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்க்கலாமாம். எங்கே என்ன வரணும் என்று ஜனங்களே சொல்லலாமாம்.

"வாசல்ல ஏதுடி இடம்? வாய்க்கால்தானே ஓடுது" என்றாள் கமருன்னிஸா.

அந்த வாய்க்காலை அவளைவிட அறிந்தவர் வீட்டில் யாருமில்லை. கணவர் ஜெக்கரியா ஜித்தாவிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வந்துபோகிற விருந்தாளி. கொத்தனாரோடு மல்லுக்கட்டி வீட்டை எழுப்பியதும், காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவள்தான். அவர் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு மகன் நௌஷாத் ஷார்ஜா போனான். ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் அத்தனையும் வடிவது அந்த வாய்க்காலில்தான். ஒரு வருஷம் ஆகாயத்தாமரை அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைத்திருக்கிறாள்.

இருவரும் போனைத் திறந்து பார்த்தார்கள். வீடு இருந்தது. மாடியில் காயப்போட்ட போர்வைகூட இருந்தது. வாய்க்காலைத்தான் காணோம். அந்த இடத்தில் நீளமாக, தட்டையாக, நீல நிறத்தில் ஏதோ. மேலே 'காலியிடம்' என்று எழுதியிருந்தது.

"அக்கா, இது நம்ம இர்ஃபானா கல்யாணப் பந்தல்" என்றாள் நீலாம்பாள்.

சித்திரையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அரபு நாட்டுப் பிள்ளைகள் லீவில் வருவதும் அப்போதுதான். வறண்ட வாய்க்கால் மேல் பலகை பரப்பி, நீலத் தகரப் பந்தல் போட்டு நிக்காஹ் நடத்துவது தெரு வழக்கம். மகள் இர்ஃபானாவின் கல்யாணத்தன்று பந்தலுக்கு மேலே ஒரு ட்ரோன் வட்டமடித்தது. நகராட்சி ஊரைப் படமெடுக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? வீடியோக்காரர் ஏற்பாடு என்று நினைத்து, வந்த பெண்களையெல்லாம் அண்ணாந்து கையாட்டச் சொன்னதும் கமருன்னிஸாவேதான்.

முக்காட்டை இழுத்துக்கொண்டு நகராட்சிக்கு நடந்தாள். வந்து கண்ணால் பாருங்கள் என்று கேட்டாள்.

"பாக்குறதுக்குத்தாம்மா மாடலே போட்டிருக்கு" என்றார் அலுவலர்.

வேண்டாம் என்றால் போனில் கருத்துப் பதியலாமாம். இன்று சாயங்காலத்தோடு முடிகிறதாம். பதிந்தவரைக்கும் கார் நிறுத்துமிடத்துக்குத்தான் ஏகப்பட்ட ஆதரவாம். "எல்லாம் வெளிநாட்டுல இருக்குற உங்க தெருப் பிள்ளைங்கதான். ஊர் மேல எவ்வளவு அக்கறை பாருங்க."

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. லீவில் வந்தால் காரை வாசலிலேயே நிறுத்தலாம், ரூமில் இருக்கிற அத்தனை பேரையும் ஓட்டுப் போட வைத்துவிட்டேன் என்று போன வாரம்தான் நௌஷாத் பெருமையடித்தான். எதற்கு ஓட்டு என்றுகூடக் கேட்காமல், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆ வேறு செய்திருந்தாள்.

போட்டதை மாற்ற முடியுமா என்று கேட்டாள். போட்டவர்கள்தான் மாற்ற முடியுமாம்.

வீட்டுக்கு வந்து அவளும் நீலாம்பாளும் வேண்டாம் என்று பதிந்தார்கள். ரெண்டு பேர் சொல்லி என்ன ஆகப்போகிறது? நௌஷாதைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமைல்லக்கா. ஜும்மா முடிச்சு பிரியாணி தின்னுட்டுத் தூங்குவான்" என்றாள் நீலாம்பாள்.

"ஐப்பசியில நான் எங்கடா தூங்குறது?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள் கமருன்னிஸா.

மேட்டூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வாசலில் சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது. சாயங்கால வெயில் எதிர்வீட்டு மதில் மேல் ஏறிவிட்டது. அவள் கையில் ஷார்ஜாவுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது.