பலகையில் இருந்த அரைத்தாள்

1998 ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றுக்கு என் நாட்குறிப்பில் மூன்று வசனங்கள் இருக்கின்றன. "பலகை பார்த்தேன். அண்ணையின் பெயர் இல்லை. வேறு ஒன்றும் இல்லை." முதல் இரண்டும் சரி. மூன்றாவது பிழை.

அப்போது வன்னியில், ஸ்கந்தபுரத்தில் எங்கள் கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் இருந்தவர் அண்ணை. இடம்பெயர்வதற்கு முன்பு காணி வரைபடம் கீறும் வேலை பார்த்தவர். கண்ணுக்குள் அமுக்கம் கூடுகிற வருத்தம் அவருக்கு. துளிமருந்து வன்னிக்குள் வருவது நின்றபின் இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு வெளிச்சமும், வாசலில் ஆள் நின்றால் அந்த நிழலும் தெரியும். கெதியாகச் சத்திரசிகிச்சை செய்தால் அதையாவது காப்பாற்றலாம் என்று ஆசுப்பத்திரியில் கடிதம் கொடுத்திருந்தார்கள். அதற்கு வவுனியாவுக்குப் போகவேண்டும். வன்னியை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்தின் அனுமதிப் பாஸ் வேண்டும். பாஸ் கிடைத்தவர்களின் பெயர்களைத் திங்கட்கிழமைகளில் அதைக் கொடுக்கும் கந்தோர் வாசலில் ஒரு பலகையில் ஒட்டுவார்கள்.

கட்டிலிலிருந்து கிணற்றுக்குப் பதினாலு எட்டு, வாசல் படலைக்கு இருபத்திரண்டு என்று அண்ணை எண்ணி வைத்திருந்தார். படலைக்கு வெளியே அவருக்கு இருந்தது என் கண் மட்டும்தான். அவர் மனைவி விடியவே வயல் கூலிக்குப் போய்விடுவா. நான்தான் நாலு கட்டை தூரம் சைக்கிள் மிதித்துப் போய்ப் பலகை பார்த்து வருவேன்.

அந்தத் திங்கள் சனம் நெரிபட்டது. பட்டியலில் மேலிருந்து கீழே இரண்டு தரம் விரல் ஓட்டினேன். பட்டியலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு அரைத்தாள் ஒட்டியிருந்தது. அதையும் கண்டேன். சீனி சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்து வாசிக்கிறவன் நான். அதைக் குனிந்து வாசிக்கவில்லை.

"வேற என்னவும் ஒட்டியிருந்ததோ தம்பி?" என்று பின்னேரம் அண்ணை கேட்டார்.

"ஒண்டும் இல்லையண்ணை."

அடுத்த திங்களும் பட்டியலில் பெயர் இல்லை. திரும்ப மனமில்லாமல் நின்றபோதுதான் குனிந்தேன். அரைத்தாள் வெயிலில் மஞ்சளாகி அங்கேயே இருந்தது. ஆனிக்கு முன் வைத்தியத்துக்காக விண்ணப்பித்தவர்கள் புதுத் திகதியிட்ட வைத்தியர் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. அந்த வெள்ளி போய் மூன்று நாளாகிவிட்டது. அண்ணை விண்ணப்பித்தது சித்திரையில். அந்தத் திகதியும் என் நாட்குறிப்புக் கொப்பியில் இருந்தது.

ஒளிக்காமல் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"நீர் வாசிச்சனீரோ, பாத்தனீரோ?"

"பாத்தனான்."

"எனக்கு எது தேவையெண்டு நீர் ஏன் ஐசே தீர்மானிக்கிறீர்? முழுக்க வாசியும். கழிக்கிறதை நான் கழிக்கிறன்."

புது விண்ணப்பம் கொடுத்தோம். அதன்பின் பலகையில் இருந்த ஒவ்வொரு தாளையும் கொப்பியில் இறக்கி வந்து வாசித்தேன். நிவாரண அரிசி கொடுக்கும் நாள், காணாமற்போன மாட்டின் குறி, கையெழுத்து வைத்தவரின் பதவி, எதையும் விடவில்லை. அதுவும் அவருக்குப் போதவில்லை.

"நீர் போனபிறகு எனக்கொரு சந்தேகம் வந்தால்? உம்மட கொப்பியைத் தடவிப் பாக்கிறதோ?"

அதனால் கசெற்றில் பதியத் தொடங்கினோம். பற்றரி கிடையாது. அந்த நாளில் எல்லாரும் செய்ததுபோல சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரெக்கோடரை ஓடவிட்டோம். பழைய பக்திப்பாட்டுக் கசெற் ஒன்றின் மேலே பதிய விடாமல் தடுக்கிற மூலை ஓட்டையைக் கடதாசியால் அடைத்து, பாட்டுக்கு மேலேயே பதிந்தோம். நான் வாசிக்க, அவர் சுற்றுவார். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை வேகமாகச் சுற்றிக் கேட்டால் என் குரல் கீச்சிடும்.

"தம்பி, இது அறிவித்தலோ, அணில் கத்துதோ?" என்று அவர் மனைவி குசினிக்குள் இருந்து கேட்பா.

"அணில் எண்டாலும் ஒண்டையும் விடாமல் சொல்லுது," என்பார் அண்ணை.

எனக்குச் சுள்ளென்று இருக்கும்.

அறிவித்தல் முடிகிற இடத்தில் பழைய நாதஸ்வரம் பாதியில் பிடித்துக்கொள்ளும். திருப்பிக் கேட்க வேண்டுமென்றால் கசெற்றை வெளியே எடுத்துப் பேனையால் சுற்றுவார். எத்தனை சுற்றில் எந்தத் தாள் வருமென்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

தை மாதம் பாஸ் கிடைத்தது. அவருக்குப் பிணை நின்றவன் நான்; அவர் திரும்பும்வரை நானும் வன்னியை விட்டு வெளிக்கிட முடியாது. மனைவியோடு போனவர் பன்னிரண்டாம் நாள் திரும்பினார். சத்திரசிகிச்சைக்கு இனி இடமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வாசலில் நிற்கிற ஆளின் நிழல் மார்கழியிலேயே மறைந்துவிட்டதை அண்ணை எங்கள் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஆவணியிலோ புரட்டாதியிலோ போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியரிடம் கேட்டாரா? நான் விசாரிக்கவில்லை. இன்றுவரை தெரியாது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் திங்களுக்கு என்ன எழுதினனீர்? வாசியும்."

மூன்று வசனத்தையும் வாசித்தேன்.

"கடைசியை வெட்டட்டோ அண்ணை?"

"வெட்டாதையும். கீழ எழுதும், அரைத்தாள் ஒண்டு இருந்தது, வாசிக்கேல்லை எண்டு. எழுதிப்போட்டுக் கசெற்றிலயும் பதியும்."

எழுதினேன். அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுப் பெடலைத் தடவிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாசிக்கத் தொடங்கினேன். கடைசி வரிவரை அவர் ஒரே வேகத்தில் சுற்றினார்.