நீலச் சளி

சித்தியை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவளைச் சித்தப்பா காதலித்துக் கட்டிக்கொண்டார். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லில் வேலை. கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத்துணியை அரைத்து மறுபடி பஞ்சாக்கும் மில். ராத்திரியெல்லாம் இருமுவார். அந்த இருமல்தான் பிறகு அவரைக் கொண்டுபோனது.

சித்தி ரோட்டோரம் போய்க் கண்டங்கத்திரி பறித்து வருவாள். தரையோடு படரும் முள்செடி, ஊதாப் பூ. காய் பார்க்கக் குட்டிக் கத்தரிக்காய்தான்; பழுத்தால் மஞ்சள். அதையும் தூதுவளையையும் மிளகோடு கொதிக்க வைத்துச் சித்தப்பாவுக்குக் கொடுப்பாள்.

"கத்தரிக்காயாட்டந்தான் இருக்குது. என்ன எழவோ! அவ என்னென்ன போடறான்னு பார்த்துட்டு வந்து சொல்லு கண்ணு" என்றாள் அத்தை. காட்டுக்கத்தரி விஷம் என்று பள்ளியிலும் சொல்லியிருந்தார்கள். அடுப்படியே கதியென்று கிடந்தேன்.

ஒருநாள் காலை சித்தப்பா குழாயடியில் காறித் துப்பினார். சிமெண்டில் நீலமாகக் கிடந்தது. எனக்கு உடனே அந்தப் பூ ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்.

அத்தை கஷாயப் பானையைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"சளிக்குத்தான் மதினி. எங்கூர்ல பச்சப்புள்ளைக்கே கொடுப்போம்" என்றாள் சித்தி.

"உங்கூர்லயே போய்க் குடு, போ."

சித்தப்பா தடுக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. மறுநாள் அப்பா அவளைப் பஸ் ஏற்றிவிட்டார்.

கஷாயம் நின்றது. இருமல் நிற்கவில்லை. அடுத்த வாரம் அதே குழாயடியில் சிவப்பாகத் துப்பினார். "ஐயோ, ரத்தம்!" என்று அத்தை தெருவே கூடும்படி கத்தினாள்.

சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரத்தமில்லீங்கக்கா. இந்த வாரம் செவப்புத் துணி ஓடுது. போன வாரம் நீலமுங்க. அன்னைக்கு இதச் சொல்லத்தான் வந்தேன், கேக்க விட்டீங்களா?"

"அட, பஞ்சுதானா! எம் பாதி உசுரே போயிருச்சு."

வீடே சிரித்தது. அப்பா போன் போட்டுச் சித்தியைத் திரும்ப வரச்சொன்னார். அவள் வந்த அன்று கோழி அடித்தோம்.

சித்தி பை நிறையக் கண்டங்கத்திரியோடு வந்து இறங்கினாள். பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "தூசிதான்னு சிரிக்கிறீகளே மதினி, அது உள்ள போயிருக்குல்ல?"

"வந்ததும் ஆரம்பிக்காத புள்ள. கொழம்ப ஊத்து."

நாங்கள் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டோம். சித்தி மட்டும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இவள் இன்னும் எதையோ மறைக்கிறாள் என்று நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா கை கழுவிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.